முந்நூறு வருடக் கறுப்பு

2006 பெப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை. மொன்றியலில், அஹுன்ட்சிக் பகுதியில் நாங்கள் குடியிருந்த மாடிவீட்டுக்கு வெளியே காலையிலிருந்து ஓசையில்லாமல் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

கீழ்வீட்டில் தனியாக வசித்த பிரெஞ்சு பேசும் பெரியவர், முதல் நாள் என்னிடம் ஒரு வெள்ளி நாணயத்தைத் தந்திருந்தார். சால்ஸ்பர்க் நகரை ஒரு காலத்தில் பேராயர்களே அரசர்களாக ஆண்டார்கள். அவர்களில் ஒருவர் வெளியிட்ட நாணயம் அது. பெரியவருடைய தந்தை விட்டுப்போனது. ஆண்டு பொறித்த இடத்தில் 169 வரை தெரிந்தது. கடைசி இலக்கம் கறுப்புக்குள் மறைந்துகிடந்தது. பழைய ஆண்டுகளைத் தேடிக் குறித்துவைக்கும் என் பழக்கம் அவருக்குத் தெரியும். பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்.

பூதக்கண்ணாடி உதவவில்லை. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, கரிக்கட்டை மாதிரிக் கிடக்கு! வெள்ளிக் குங்குமச்சிமிழை நான் திருநீறு போட்டுத்தானே மினுக்கிறனான். உதையும் கொஞ்சம் தேய்ச்சுப் பாருங்கோவன்."

யன்னலோரம் இருந்து தேய்த்தேன். நேரம் போனதே தெரியவில்லை. சாம்பலுக்குள்ளிருந்து, உப்புப் பெட்டியோடு ஒரு புனிதர் மெல்ல எழுந்து வந்தார். பனி வெளிச்சத்தில் அவர் மூச்சுவிடுவது போலிருந்தது. பிறகு ஒரு 5. 1695! அந்த ஆண்டுக்குள்ளேயே போய் நிற்பதுபோல் மயங்கிப்போனேன்.

ஓடிப்போய்க் கொடுத்தேன். பெரியவர் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெர்சி" என்று நன்றி சொன்னார். பிறகு மெதுவாக விளக்கினார்: அந்தக் கறுப்பு அழுக்கல்ல, முந்நூறு வருடமாக வெள்ளி தானாகப் போர்த்திக்கொண்டது. நாணயம் சேகரிப்பவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். அவருடைய தந்தை பார்த்துப் பார்த்து மகிழ்ந்ததும் அந்தக் கறுப்பைத்தான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எதைக் கொண்டு தேய்த்தேன் என்று கேட்டார். சாம்பல் என்றேன், நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என் நெற்றியையே பார்த்தார்.

"வருகிற புதன்கிழமைதான் எங்கள் தேவாலயத்தில் நெற்றியில் சாம்பல் பூசுவார்கள். இந்த நாணயத்துப் பேராயருக்கு மட்டும் நீங்கள் மூன்று நாள் முந்தியே பூசிவிட்டீர்கள்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, இன்னொரு கறுத்த நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதிலும் ஆண்டு தெரியவில்லை. கண்ணால் மட்டும் பாருங்கள்."

ஒரு கிழமை, ஏழு நாளும் பார்த்தேன். தெரியவில்லை. வாங்கியபடியே திருப்பிக் கொடுத்தேன். என் குறிப்பேட்டில் அந்த நாணயத்துக்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்து எழுதிய அத்தனை ஆண்டுகளையும்விட, அதைப் பார்க்கும்போதுதான் ஒரு மனிதர் என்னை இரண்டாம் முறையும் நம்பினார் என்று மனம் நிறைகிறது.