மடித்துக் கட்டாத வேட்டி

கொச்சி மட்டாஞ்சேரியில் வேட்டியை மடித்துக் கட்டாமல் தெருவில் நடந்த ஒரே இளவட்டம் அந்தக் காலத்தில் நானாகத்தான் இருப்பேன். மழைக்காலத்தில் எங்கள் சந்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். எல்லாரும் முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு போவார்கள். நான் மட்டும் வேட்டி நுனி சேற்றில் புரளப் போவேன்.

காரணம் என் கால்கள். எழுபதுகளின் கடைசியில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை பார்க்கும் வேலை எனக்கு. கிடங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு ஜிம் இருந்தது. இரும்புக் கம்பியின் இரண்டு முனையிலும் பழைய டின்னில் சிமென்ட் வார்த்துச் செருகியிருப்பார்கள், அதுதான் எடை. அதை நடத்திய மலையாளி ஆசான், யார் வந்தாலும் முதலில் உட்கார்ந்து எழும் பஸ்கி எடுக்கச் சொல்வார். கால், இடுப்பு, முதுகு, நெஞ்சு, கை என்று உடம்பு முழுவதும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. காலை யார் பார்க்கப் போகிறார்கள், வேட்டி மூடிவிடும் என்பது என் கட்சி. சட்டையை அப்போது உடம்போடு ஒட்டத் தைப்பார்கள், நெஞ்சும் கையும்தான் வெளியே தெரியும். ஆசான் அந்தப் பக்கம் திரும்பியதும் பஸ்கியை விட்டுவிட்டுத் தண்டாலுக்குத் தாவிவிடுவேன்.

நெஞ்சு கதவு மாதிரி ஆனது. கால் கொக்குக் காலாகவே நின்றது. ஒருநாள் கிடங்கில் முதல்முறையாக வேட்டியை மடித்தபோது மூட்டை தூக்குகிற சேட்டன்மார் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அதோடு மடித்துக் கட்டுவதை விட்டேன்.

இதில் ஒரு கூத்து நடந்தது. கொச்சியில் மடித்துக் கட்டியவன் பெரியவர் யாராவது எதிரே வந்தால் சட்டென்று இறக்கிவிடுவான். அதுதான் மரியாதை. நான் எப்போதும் இறக்கியே கட்டியிருந்ததால், ஊர்ப் பெரியவர்களுக்கெல்லாம் ஓயாமல் மரியாதை கொடுத்துக்கொண்டிருப்பவன் ஆகிவிட்டேன். அதே தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துத்தான் தம் மகளை எனக்குக் கொடுத்தார். இவ்வளவு பணிவான பையனை இந்த ஊரில் கண்டதில்லை என்று பெண் பார்க்கப் போன அன்று சபையில் சொன்னார். கூச்சம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு மனைவிக்குத் தெரிந்துபோயிற்று. “மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளால்ல இருக்கீங்க” என்றாள். அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சினேன். அவள் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மாமனார் வீட்டுக்குள் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கடைக்கு மேலே வீடு. தெருவைப் பார்த்த செங்குத்தான மரப்படி. ஆட்டோ கீழே நின்றது. கிடங்கிலிருந்து ஆள் கூப்பிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வலியிலும் மாமனார் சிரித்தார். “ஆளு எதுக்கு? என் மாப்பிள்ளை ஒருத்தரு போதும்” என்றார்.

தூக்கக் குனிந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று பின்னாலிருந்து மனைவி சொன்னாள். கீழே தெருவே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மடிக்காமலே தூக்கினேன். கை தாங்கியது. பாதிப் படி இறங்குவதற்குள் தொடை நடுங்கத் தொடங்கியது. இடுப்பு வெட்டியது. வேட்டி நுனியை மிதித்தேன். மாமனாரை மடியில் வைத்தபடியே படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். முறிந்த கால் சுவரில் இடித்து அவர் அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

மனைவி என்னைத் தாண்டி இறங்கி வந்தாள். அத்தனை பேர் முன்னால் என் வேட்டியை இழுத்து முட்டிக்கு மேல் செருகினாள். அப்பாவின் கால்பக்கத்தை அவள் தாங்கிக்கொண்டாள். நடுங்கும் கொக்குக் காலோடு நான் இறங்கினேன். மாமனார் என் காலைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். வெட்கத்தில் செத்துப் போய்விடலாம் என்றிருந்தது.

அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாவுக்கட்டோடு கடையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் என் பணிவைப் பற்றி முன்போலவே சொல்லிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுபடி கொட்டகைக்குப் போனேன். எடை மாட்டாத வெறுங்கம்பியைத் தோளில் வைத்துப் பஸ்கி எடுத்தேன். எனக்குப் பிறகு சேர்ந்த பயல்களெல்லாம் பார்த்தார்கள். கால் ஒன்றும் தூணாகிவிடவில்லை. ஆனால் நாளெல்லாம் தராசடியில் குனிந்து வந்த முதுகுவலி போனது. தோப்பும்படிப் பாலத்தில் சைக்கிளை விட்டு இறங்காமல் ஏறினேன். அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றிவிட்டு மூச்சு வாங்காமல் பேச முடிந்தது. கையும் காலும் ஒரே ஆளுடையவை என்று அப்போதுதான் உடம்புக்கே தெரிந்தது போல இருந்தது.

எண்பதுகளின் நடுவில் மாமனாருக்கு மூச்சுத் திணறல் வந்தது. அதே படி. அதே தெரு. இந்தத் தடவை யாரும் சொல்லாமலே வேட்டியை மடித்துக் கட்டினேன். அவரைத் தூக்கி ஒரே மூச்சில் இறங்கி, கடை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஆட்டோ வரக் காத்திருந்தோம். அவர் மெதுவாக மூச்சைத் திரட்டிக்கொண்டு என் காலையே பார்த்தார்.

“வேட்டியை இறக்கி விடுங்க மாப்பிள்ளை. பெரியவன் முன்னால நிக்கீங்க.”

காது சுட்டது. இறக்கிவிட்டேன். ஒரு பெரியவருக்காக நான் வேட்டியை இறக்கியது அதுதான் முதல் தடவை. அது அவருக்கும் தெரிந்திருந்தது.