ஏறாத மரத்தில் சுண்ணாம்பு

பதநீர் காய்ச்ச எவ்வளவு விறகு இருந்தாலும் போதாது. விடிந்ததும் பனங்காட்டுக்குள் ஓலையும் மட்டையும் பொறுக்கப் போவேன். குனிந்தே நடந்ததால் தரையைப் பார்ப்பது பழகிவிட்டது. முயல் புழுக்கை உருண்டையாக இருக்கும், காய்ந்த புல்லைப் பிடித்து உருட்டின மாதிரி. நரி விட்டை கல்லின் மேல் கிடக்கும். குச்சியால் உடைத்தால் நண்டின் ஓட்டுத் துண்டும் எலி மயிரும் இருக்கும். கீரி தோண்டின குழி சிறியது. தினமும் பார்த்தால் தெரிந்துபோகும். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற ரோட்டில் இறங்கி, ஓடையோரமாக நடந்தால் எங்கள் பனைகள். கள்ளுக்கடைகளை மூடிவிட்ட வருஷங்கள் அவை. பதநீர் மட்டும்தான் இறக்கினோம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர் புளிக்காது. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் மரங்களைப் பங்கு பிரித்து ஏறினார்கள். காய்ச்சுவது ஒரே கொட்டகையில். எனக்கும் மூத்தவர் மனைவிக்கும் பக்கத்துப் பக்கத்து அடுப்பு. என் முதல் பிள்ளைப்பேற்றில் எனக்கு வெந்நீர் ஊற்றியவள் அவள். அக்கா என்று கூப்பிடுவேன்.

மூத்தவர் என்னோடு நேரே பேச மாட்டார். தம்பி மனைவியோடு பேசுவது எங்களில் வழக்கம் இல்லை. எதுவானாலும் அக்காவைப் பார்த்துச் சொல்வார். நானும் அக்காவைப் பார்த்தே பதில் சொல்வேன்.

ஆனி மாதம் அவர் கலயங்களில் பதநீர் குறைய ஆரம்பித்தது. எங்கள் கலயங்களில் குறையவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு கொட்டகையில் வைத்துக் கேட்டுவிட்டார்.

"ஏலே, உங்கலயம் வழியுது. எங்கலயம் பாதியில நிக்குது. காத்தா வந்து குடிக்குது?"

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கு முன்னால காட்டுக்கு வாரவன் நீதான்."

"சொல்லிட்டேல்லா. சரி. இப்ப நான் என்ன செய்யணும்?"

"சுடலை கோயில்ல சூடத்த அணைச்சிச் சத்தியம் பண்ணு."

"பண்ணுதேன். குடிச்சவன்லா பயப்படணும்."

சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் சாமி பார்த்துக்கொள்ளும். மெய் சொன்னாலும் ஒன்று உண்டு. சத்தியம் கேட்ட வீடும் செய்த வீடும் அதற்குப் பிறகு பேசாது. ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காது. சாவுக்குக்கூடப் போகாது. ஆண்கள் இரண்டு பேரும் கோபத்தில் அதை நினைக்கவில்லை. அக்கா அன்று காய்ச்சின பாகு அடிபிடித்துவிட்டது. அவள் நினைத்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை என்று பேசி முடித்தார்கள். மூத்தவர் டவுனுக்குப் போய்ச் சூடம் வாங்கி வந்தார். காகிதத்தில் மடித்துக் கொட்டகைக் கூரையில் செருகினார்.

அவர் பங்கின் நடுவில் பாளை விடாத பனை ஒன்று நின்றது. அதில் யாரும் ஏறுவதில்லை. அதனால் காய்ந்த ஓலையை யாரும் கழிக்கவில்லை. தாடி மாதிரி தொங்கும். மறுநாள் அதன் அடியில் மட்டை எடுக்கக் குனிந்தேன். மரத்தில் என் இடுப்பு உயரத்துக்கு வெள்ளையாக ஒரு தீற்றல். தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு.

ஏறாத மரத்துக்குச் சுண்ணாம்பு எப்படி வரும்? மரத்தைச் சுற்றி வந்தேன். பட்டையில் புதுக் கீறல்கள், கீழிருந்து மேலே வரைக்கும். பக்கத்துக் கல்லில் விட்டை. உடைத்தேன். கழுவி வைத்த மாதிரி வேப்பமுத்து.

யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் அடுப்புச் சாம்பலைச் சுளகில் அள்ளிப் போய் அந்த மரத்தடியில் மெல்லிசாகத் தூவினேன். காலையில் அக்காவைக் கூட்டிப் போனேன்.

"என்னட்டி, காட்டுக்குள்ள கோலமா போட்டிருக்க?"

"சாம்பலுக்கா. தடத்தப் பாருங்க."

"பூனை."

"பூனைக்கு நாலு விரல்தான் பதியும், நகம் தெரியாது. இதுல அஞ்சு விரல். நகமும் இருக்கு."

"அப்பம் நாயி."

"நாயி பனை ஏறுமாக்கா?"

அக்கா சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. பிறகு மூத்தவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து தடத்தையும் சுண்ணாம்பையும் பார்த்தார். அக்காவிடம் கேட்டார்.

"ஏட்டி, அவ என்ன சொல்லுதா?"

"மரநாயாம். கலயத்துல மூஞ்சிய விட்டுக் குடிச்சதுல ஒட்டுன சுண்ணாம்ப இங்க தேச்சிருக்காம்."

"மரநாயின்னா எல்லா மரத்துலயும்லா ஏறும். எம்மரத்துக்கு மட்டும் என்ன?"

நான் அக்காவிடம் சொன்னேன். "அது குடியிருக்கது இவுக பங்குலக்கா. வீட்டுப் பக்கத்துல கடை இருந்தா அங்கதான போவும்?"

கை எட்டும் தூரத்தில் நின்றவருக்கு அக்கா அதைத் திருப்பிச் சொன்னாள். மூத்தவர் காலில் தளைநாரை மாட்டி அந்த மரத்தில் ஏறினார். காய்ந்த ஓலை சரசரத்தது. அரிவாளை எடுத்தவர் அப்படியே நின்றார். என் வீட்டுக்காரர் அந்நேரம் ஓடைப் பக்கத்து மரத்தின் உச்சியில் இருந்தார். மூத்தவர் அவரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏலே! கெடக்குலே. குட்டியும் கெடக்கு."

ஓலையை வெட்டாமல் இறங்கினார்.

"அப்பம் செவ்வாக்கெழம அதக் கூட்டிட்டுப் போங்க. அது சூடம் அணைக்கட்டும்" என்றாள் அக்கா.

ஓடைப் பக்கத்து மரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மூத்தவர் சிரிக்கவில்லை. தம்பியிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் தன் மரங்களுக்கு முள் கட்டினார். தம்பி கீழே நின்று முள்ளை எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் மரம் ஏறினார்கள்.

அதன் பிறகு எங்கள் கலயங்கள் குறைந்தன. முள் இல்லாத பக்கம் அது வரத்தானே செய்யும்? நாங்களும் முள் கட்டினோம். யாரும் யாரையும் சத்தியம் கேட்கவில்லை.

அடுத்த பருவத்தில் கூரை மாற்றும்போது பழைய ஓலைக்குள்ளிருந்து அந்தக் காகிதம் விழுந்தது. அக்கா பிரித்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. சூடம் காற்றில் கரைந்து போயிருந்தது.

மோந்து பார்த்தாள். "வாசம் இருக்குட்டி" என்றாள். காகிதத்தை அடுப்பில் போட்டாள்.