பூட்டிய வீட்டில் ஓடிய மோட்டார்

எங்கள் தெருவில் கல்யாணத் தேதியைக்கூடத் தள்ளிவைக்கலாம், குழாயில் தண்ணீர் வரும் நாளைத் தவறவிட முடியாது. வாரத்துக்கு ஒரு நாள் வரும், சில சமயம் பத்து நாளாகும். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வால்வு திறப்பவருக்கே வெளிச்சம். குழாய் வாசலில் ஒரு குழிக்குள் இருந்தது. அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. தொட்டியில் சேரும் தண்ணீரை மாடிக்கு ஏற்ற ஒரு மோட்டார். குழாயில் விழுவது நூல் மாதிரி, மோட்டார் குடிப்பது யானை மாதிரி. தொட்டி நிரம்பினால் சுவிட்சைப் போட வேண்டும், வற்றுவதற்குள் அணைக்க வேண்டும். அணைக்க மறந்தால் மோட்டார் காற்றை இழுத்துப் புகைந்துவிடும். இப்படியே மூன்று மணி நேரம் போட்டும் அணைத்தும் வாசற்படியில் உட்கார்ந்திருப்பது அம்மாவின் வேலை.

அப்பாவுக்கு மில்லில் ஷிப்டு. நான் நான்காம் வகுப்பு. பக்கத்து வீட்டில் பெரியப்பா இருந்தார். அவர் தன் வீட்டு மோட்டாரையே பெரியம்மாவைத்தான் போடச் சொல்வார். ஆகவே அம்மா வீட்டைவிட்டு நகர முடியாது. அவள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் எங்கள் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனாலும் கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு ஆடிப்பூரத் தேரைக்கூட அவள் பார்க்கவில்லை. ஒவ்வொரு வருடமும் கிளம்புவாள். ஒவ்வொரு வருடமும், "இன்னிக்குத் தண்ணி வந்தாலும் வரும்" என்று யாராவது சொல்வார்கள். சேலையை மாற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள்.

அந்த வருடம் ஆனி மாதக் கடைசியில் அம்மா பெயருக்கு ஒரு சின்னப் பார்சல் வந்தது. பிரித்தால், சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைத் தகடு. அதுதான் கம்ப்யூட்டர் என்றாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கம்ப்யூட்டர் என்றால் பெரியப்பா வீட்டில் இருப்பது மாதிரி இருக்க வேண்டும். அது பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், படிப்பதற்காக வாங்கியது. அண்ணன் படித்து முடித்துச் சென்னைக்கே போய்விட்டான், கம்ப்யூட்டர் மட்டும் ஜரிகை வைத்த உறை போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தது. யாரும் தொடக்கூடாது. ஆயுத பூஜையன்று உறையை எடுத்துச் சந்தனப்பொட்டு வைத்து, சூடம் காட்டி, மறுபடி மூடிவிடுவார்கள்.

பெரியப்பா அந்தப் பச்சைத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்னம்மா ஓடும்? எறும்புதான் ஓடும்" என்றார். அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன் அவள் கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு முடித்தவள். அந்தப் பட்டம் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

அந்தத் தகட்டுக்குத் திரை கிடையாது, டிவியில்தான் செருக வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் சீரியல் நின்றது. அப்பா மில்லிலிருந்து கிரிக்கெட் பார்க்கும் ஆசையோடு வந்தால், டிவியில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துகளும் இருக்கும். எதிரில் அம்மா வெண்டைக்காய் நறுக்கியபடி ஒரு விரலால் தட்டச்சு செய்துகொண்டிருப்பாள். இரண்டு எவர்சில்வர் கரண்டிகளை ஒயரில் கட்டித் தொட்டியின் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தொங்கவிட்டாள். மேல் கரண்டியைத் தண்ணீர் தொட்டால் மோட்டார் ஓட வேண்டும், கீழ்க் கரண்டியை விட்டு இறங்கினால் நிற்க வேண்டும். மாடித் தொட்டிக்கும் அப்படி ஒரு கரண்டி. நடப்பதையெல்லாம் அம்மாவின் செல்லுக்குச் செய்தியாக அனுப்பவும் வேண்டும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டிருந்தால் மோட்டார் வேலையை மட்டும் அரை நாளில் முடித்திருப்பார் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அது அம்மாவுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. ஆடி முதல் வெள்ளி வந்தது. அம்மா குளிக்கப் போயிருந்த நேரத்தில் நான் பூஜைக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸிக்குப் பொட்டு வைத்தேன், தையல் மிஷினுக்கு வைத்தேன். பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருடாவருடம் பொட்டு உண்டே, நம்முடையதற்கு மட்டும் ஏன் குறை வைக்க வேண்டும்? தண்ணீர் சொட்டச் சொட்டச் சந்தனத்தை எடுத்துத் தகட்டின் நடுவில் தாராளமாக மூன்று பொட்டு வைத்தேன். மேலே குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அம்மா வந்து சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு ஒரு முறை மினுக்கென்றது. பிறகு எதுவும் இல்லை. பல் விளக்கும் பிரஷால் சந்தனத்தைச் சுரண்டி, காய வைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். உயிர் வரவில்லை. தேருக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நான் அடி வாங்கத் தயாராகக் கதவோரம் நின்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"ஏட்டி, அழுவாத. கெட்டா இன்னொன்னு வாங்கிக்கிடலாம்னுதான இம்புட்டுச் சின்னதா வாங்குனேன். பெரிசா வாங்கிருந்தா நானும் ஒறை போட்டு மூடி வச்சிட்டுக் கும்புட்டுக்கிட்டு இருந்திருப்பேன்."

செத்துப்போன தகட்டை எனக்கே கொடுத்துவிட்டாள். நான் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரை உடைத்து விளையாடுவோம் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த தகடு தேருக்கு மூன்று நாள் முன்பு வந்தது. இந்த முறை அம்மா அதை ஒரு காலி பால்கோவா டப்பாவுக்குள் வைத்து மூடினாள். "பொட்டு வைக்கணும்னா மூடிக்கு மேல வச்சுக்க" என்றாள். வைத்தேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஒத்திகை பார்த்தோம். செய்திகளுக்கான வாசகங்களை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தேரன்று காலையில் அம்மா எல்லாவற்றையும் இன்னொரு முறை சரிபார்த்து, குழாயைத் திறந்துவைத்து, வீட்டைப் பூட்டினாள். பெரியப்பா வேப்பங்குச்சியோடு வாசலில் நின்றிருந்தார்.

"தண்ணி வந்தா?"

"வரட்டும் அத்தான். அது பாத்துக்கிடும்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்று தெரு தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. தேர் அசைந்ததும் "கோவிந்தா" என்று ஊரே கத்தியது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் புகுந்து, வடத்தை எட்டிப் பிடித்து, என் கையையும் அதில் வைத்தாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் அவள் இடுப்பில் செருகியிருந்த செல் அதிர்ந்தது.

'தண்ணி வந்துட்டு.'

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஓரமாக ஒரு கடை நிழலுக்கு வந்தோம். இரண்டு பேரும் செல்லையே பார்த்துக்கொண்டு நின்றோம். தேர் எங்களைத் தாண்டிப் போயிற்று, அம்மா நிமிரவில்லை. செல் மறுபடி அதிர்ந்தது.

'மோட்டார் ஓடுது.'

அடுத்த நிமிடமே பெரியப்பா செல்லில் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கும்படியான குரல். "எம்மா, பூட்டுன வீட்ல மோட்டார் ஓடுது. உள்ள எவனும் பூந்துட்டானா?"

"நாந்தான் ஓட்டுதேன் அத்தான், இங்கருந்து."

அதன் பிறகு அவர் எங்கள் வாசலைவிட்டு நகரவே இல்லை என்று பெரியம்மா பிறகு சொன்னாள். கால் மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டு நேர்முக வர்ணனை கொடுத்தார். "நின்னுட்டு… இப்ப திரும்ப ஓடுதும்மா." தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகு கடைசிச் செய்தி வந்தது. 'மாடித் தொட்டி நெறஞ்சுட்டு.' நான் நடுத்தெருவில் குதித்தேன். கடைசியாக ஒரு முறை பெரியப்பா கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"எம்மா, நம்ம வீட்டுக்கும் ஒன்னு போட்டுத் தாரியா? ஒங்க அக்காளுக்கு முட்டு வலி, படி எறங்க முடியல."

"கரண்டி மூணு எடுத்து வைங்க, வாரேன்."

வெற்றி எங்களுக்குத்தான். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அம்மா ஒரு சிமெண்டு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். ஒரு ராஜபாளையம் பஸ் போயிற்று. இன்னொன்று போயிற்று. அம்மா டீ வாங்கி, ஆற்றாமல், மெதுவாகக் குடித்தாள்.

"தொட்டிதான் நெறஞ்சிருச்சேம்மா, வா போவோம்" என்றேன்.

"நெறஞ்சிருச்சுல்ல? பொறவு எதுக்கு ஓடணும்? செத்த நேரம் இரு."

தண்ணீர் நிரம்பிய பிறகும் ஒருத்தி வீட்டுக்குப் போகாமல் சும்மா உட்கார்ந்திருக்க என்ன காரணம் இருக்க முடியும்? எனக்கு எரிச்சலாக வந்தது. நான்காவது பஸ்ஸில்தான் ஏறினோம். எப்போதும் எனக்கென்று விட்டுக்கொடுக்கிற ஜன்னலோர சீட்டில் அன்று அம்மாவே உட்கார்ந்துகொண்டாள். ஊர் வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை.