கேமராவைப் பார்க்காத அப்பா

யாராவது சினிமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதெல்லாம் எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஒரு காலத்தில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டேன். தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் எங்கள் திரைப்படச் சங்கத்தில் கதையைப் பற்றிப் பேசுகிறவனை நாங்கள் மதிப்பதே இல்லை. ஷாட்டைப் பற்றித்தான் பேசவேண்டும். ஆபீஸ் விட்டதும் நேராக அங்கே போய்ப் படம் பார்த்துவிட்டு, டீக்கடையில் நின்று மணிக்கணக்கில் வாதாடுவோம்.

அந்த வருஷம் ஒரு வெளிநாட்டுப் படம் போட்டார்கள். அதில் ஒரு கிழவர் நீளமான வராந்தாவில் வெளிச்சத்தை நோக்கி நடந்து போவார். கேமரா அசையாது. கடைசிவரை முதுகு மட்டும்தான். முகத்தைக் காட்டாமலே அவருடைய தனிமை முழுவதும் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் கரமனையில் எங்கள் வீட்டில் தங்கையின் நிச்சயதார்த்தம். சங்கத்து நண்பர் ஒருவரிடம் வீடியோ கேமராவை இரவல் வாங்கினேன். அக்ரகாரத்து வீடு, வாசலிலிருந்து கொல்லைவரை ஒரே நீளம். இருட்டான பின்கட்டில் நின்றுகொண்டு கேமராவை வாசல் பக்கம் திருப்பினேன். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களா என்று பார்க்க அப்பா நடந்தார். சட்டையில்லாத முதுகு, தோளில் அங்கவஸ்திரம், எதிரே வாசலில் கொட்டுகிற வெயில். எனக்கு மெய்சிலிர்த்தது. பாதி வழியில் அப்பா திரும்பி, கேமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

"கேமராவைப் பார்க்காதீங்கோப்பா! எல்லாம் கெட்டுப்போச்சு!" என்று கத்தினேன்.

டேப்பைப் பின்னால் ஓட்டி, அந்தச் சிரிப்பு அழிய அதன் மேலேயே மறுபடியும் எடுத்தேன். அப்பா திரும்பி வந்து, முதலிலிருந்து நடந்தார். அன்று முழுவதும் நான் கேமராவோடு எந்தப் பக்கம் போனாலும் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அதைக் கவனிக்க எனக்கு ஏது நேரம். சங்கத்தில் போட்டுக் காட்டியபோது அந்த ஷாட்டை எல்லோரும் புகழ்ந்தார்கள். நானும் வெட்கமில்லாமல் பூரித்துப்போனேன்.

கல்யாணத்துக்கு முன்பே அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

சில மாதம் கழித்து அம்மா அந்த கேசட்டைப் போடச் சொன்னாள். "போட்டோல எல்லாம் வெறச்சுண்டு நிக்கறார். இதுல நடமாடறாரோன்னோ, மொகத்தைப் பார்க்கணும்டா."

மூன்று தடவை போட்டேன். டிவிக்கு மிக அருகில் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். இதில் கொடுமை என்னவென்றால், அப்போதும் அது எனக்கு நல்ல ஷாட்டாகத்தான் தெரிந்தது.

"ஒரு தரம்கூட இவர் திரும்பலையாடா?"

"இல்லைம்மா."

"கூச்சம். அவர் சுபாவம் அப்படியாக்கும்," என்று அம்மா பழியை அவர் மேலேயே போட்டாள்.

ஆமாம் என்றேன்.