பன்னிரண்டு நாள் நான் சொன்ன பொய்

நான் பிறந்தது இலுப்பூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் கடலை என்றால் நிலக்கடலைதான். உப்புக் கடலை நான் முதன்முதலாக அருகிலிருந்து பார்த்தது, ஜெகதாப்பட்டினத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கிற ஒரு கடற்கரை ஊரின் தொடக்கப் பள்ளிக்கு மாறுதலாகி வந்தபோது. தலைமையாசிரியரும் நானும் மட்டும்தான். நான்காம், ஐந்தாம் வகுப்புகள் என் பொறுப்பில் இருந்தன. இங்கே நான் சொல்லப்போவது, போன ஆண்டு நான்காம் வகுப்பில் இருந்த பத்தொன்பது பிள்ளைகளைப் பற்றி. அதிலும் இரண்டு பெண்பிள்ளைகளைப் பற்றி.

கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். கணக்கு, தமிழ் போலவே மனசையும் சொல்லிக்கொடுக்க வேண்டும், பிள்ளைகள் தங்கள் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கப் பழக வேண்டும், பக்கத்துப் பிள்ளையின் உணர்ச்சியையும் பார்க்கப் பழக வேண்டும் என்றார்கள். இன்னொரு பதிவேடு வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். இருந்தாலும் வீட்டில் கிடந்த பழைய திரைத்துணியில் நான்கு பைகள் தைத்து வகுப்புச் சுவரில் மாட்டினேன். சந்தோஷம், கோபம், பயம், துக்கம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஓர் ஐஸ்குச்சி. காலைச் சாப்பாடு முடித்துக் கைகழுவி வந்ததும், அன்றைக்குத் தங்களுக்கு எப்படி இருக்கிறதோ அந்தப் பையில் குச்சியைப் போட வேண்டும்.

முதல் வாரம் பத்தொன்பது குச்சியும் சந்தோஷத்தில்தான் கிடந்தன. அதுதான் சரியான விடை என்று நினைத்திருக்கிறார்கள். ஒருநாள் நானே ஒரு குச்சியில் 'டீச்சர்' என்று எழுதிக் கோபப் பையில் போட்டேன். "பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன், கால் வலிக்குது, அதான் கோவம்" என்றேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் நான்கு குச்சிகள் இடம் மாறியிருந்தன.

அப்புறம் அது வேகமாகப் பிடித்துக்கொண்டது. பென்சிலைப் பிடுங்கினால் மண்டையில் குட்டுகிற பிள்ளைகள், "நீ கேக்காம எடுத்தா எனக்குக் கோவம் வருது" என்று வாயால் சொல்ல ஆரம்பித்தார்கள். யாராவது அழுதால் என்ன செய்யலாம் என்று நடித்துக் காட்டச் சொன்னேன். பக்கத்தில் போய் உட்காரணும், கையைப் பிடிச்சுக்கலாமான்னு கேக்கணும், 'நான் இங்கதான் இருக்கேன்'னு சொல்லணும், அப்புறம் சும்மா இருக்கணும். முதலில் நடித்தது நான் சொன்ன அந்த இரண்டு பெண்பிள்ளைகள்தான். இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே பெஞ்சு. அழுகிறவளாக நடிக்க வேண்டியவளுக்கு அழுகையே வரவில்லை. முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் நன்றாகப் படிப்பாள், வாயாடி. எதற்கும் கேள்வி கேட்பாள். தோழி அதிகம் பேசமாட்டாள், ஆனால் எல்லாவற்றையும் கவனிப்பாள்.

அந்த வாயாடியின் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். கடலுக்குப் போகாத நாட்களில் மகளைப் பள்ளிவரை கொண்டுவந்து விடுவார். ஒருநாள் வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "டீச்சர், என்ன சொல்லிக் குடுத்தீங்கன்னு தெரியல. வீட்டுக்குள்ள நொழைஞ்சதும் 'இன்னைக்கு நீ எந்தப் பையிப்பா'ன்னு கேக்குறா. சந்தோஷம்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா. மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையேங்குறா." சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருவில் ஆம்பிளைகளே இல்லை. தலைமையாசிரியர் வாசலிலேயே நின்றிருந்தார். முந்தின நாள் போன படகு ஒன்று காற்றில் கவிழ்ந்துவிட்டது என்றார். நான்கு பேரில் மூன்று பேரை வேறொரு படகு தூக்கிவிட்டது. நான்காவது ஆள் கிடைக்கவில்லை. அது அந்த வாயாடியின் அப்பா.

தேடிப்போன படகுகள் நான்காம் நாள் வெறுங்கையோடு திரும்பின. அவள் அம்மாவுக்கு ஏழாவது மாசம். செய்தி கேட்டு விழுந்தவரைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் பிள்ளையின் தாய்மாமன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அம்மாவின் தம்பி, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒரு ஒதவி டீச்சர். பிள்ளைட்ட இன்னும் சொல்லல. அப்பாவப் புடிச்சு வச்சிருக்காங்க, கொஞ்ச நாள்ல விட்ருவாங்கன்னு சொல்லியிருக்கோம். எங்க அக்கா எந்திரிச்சு வரட்டும். தாயும் மகளும் சேந்து அழுதுக்கட்டும். அதுவரைக்கும் நீங்களும் அதையே சொல்லுங்க."

"ஊரே பேசுதேங்க. அவளுக்குத் தெரியாமயா இருக்கும்?"

"எங்க வீட்டுல வச்சுப் பாத்துக்கிறேன், யாரும் பேச மாட்டாங்க. பள்ளிக்கூடத்துலதான் பயமாருக்கு. பிள்ளைங்கள நீங்கதான் சொல்லி வைக்கணும்."

அந்தக் கடற்கரையில் 'புடிச்சிட்டாங்க' என்ற சொல்லுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால், சில வாரமோ சில மாசமோ கழித்து ஆள் திரும்பி வந்துவிடுவார். என் வகுப்பிலேயே இரண்டு பேருடைய அப்பாக்கள் அப்படிப் போய் வந்தவர்கள். அதனால்தான் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான் சரி என்றேன். குடும்பத்து விஷயம், நாம் யார் தலையிட என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தப் பிள்ளையிடம் அதைச் சொல்லும் வேலை எனக்கு வராமல் போனதில் நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்று அவள் வரவில்லை. மற்ற பதினெட்டுப் பேரையும் உட்காரவைத்து, "அவகிட்ட யாரும் எதுவும் சொல்லக் கூடாது. அவங்க அம்மா வந்து சொல்லுவாங்க" என்றேன்.

"பொய் சொல்லலாமா டீச்சர்?" என்று முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"பொய் இல்லம்மா. சொல்லாம இருக்கோம், அவ்வளவுதான்."

தோழி மட்டும் தலையை ஆட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். குச்சியை எடுத்துப் பயத்தில் போட்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பாவ நெனச்சியா?"

"ஆமா டீச்சர். அங்க அடிப்பாங்களா?"

"அடிக்க மாட்டாங்கம்மா. வந்துருவாரு."

'சொல்லாம இருக்கோம்' என்று நான் பிள்ளைகளுக்குச் சொன்னது ஒருநாள்கூட நிலைக்கவில்லை. முதல் கேள்விக்கே நான் வாய்திறந்து பொய் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, தன் அப்பா பிடிபட்டுத் திரும்பி வந்தவள், "எங்கப்பாவுக்கு ரொட்டியும் பருப்பும் குடுத்தாங்களாம். டீ கூடக் குடுத்தாங்களாம்" என்றாள். அவளுக்கும் உண்மை தெரியும். ஒன்பது வயதில் எவ்வளவு பதமாக என் பொய்க்கு முட்டுக்கொடுக்கிறது என்று பார்த்தேன். நிறுத்தச் சொல்லி எப்படிச் சொல்வது?

அதன் பிறகு வகுப்பு முழுக்க அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கியது. ஓடிப்பிடித்து விளையாடினால் அவளைத் தொடவேமாட்டார்கள். மதியச் சாப்பாட்டில் தன் முட்டையை அவள் தட்டில் வைத்துவிட்டு ஒருத்தி ஓடினாள். நான் கற்றுக்கொடுத்த பரிவு எல்லாம் ஒன்றுவிடாமல் நடந்தது. நாலைந்து நாள் போனதும் அவளே என்னிடம் வந்தாள்.

"ஏன் டீச்சர் யாரும் எங்கூடச் சண்டையே போட மாட்டேங்குறாங்க?"

"ஒன்மேல பிரியமா இருக்காங்க."

"முன்னாடியும் பிரியமாத்தான இருந்தாங்க? அப்பச் சண்டை போட்டாங்களே."

நான் கரும்பலகையை அழிக்கத் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு காலையில் அவள் குச்சி சந்தோஷத்தில் இருந்தது. "மாமா சொன்னாரு, அடுத்த வாரம் விட்ருவாங்களாம். ரெண்டாம் வாய்ப்பாட்டுலேருந்து பதிமூணாம் வாய்ப்பாடு வரைக்கும் அப்பாட்ட ஒப்பிக்கப் போறேன்" என்றாள். நானும் சிரித்தேன். தோழியின் குச்சி அன்றும் துக்கத்தில் இருந்தது. இரண்டு வாரமாக அது அங்கேயேதான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள், சாப்பாட்டு இடைவேளை. நான் வகுப்பு வாசலில் நின்று போனில் ஏதோ விவரம் ஏற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் படியில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தோழியின் குரல் கேட்டது.

"ஒங்கையப் புடிச்சுக்கவா?"

"எதுக்குடி?"

"ஒண்ணு சொல்லணும். சொன்னா நீ அழுவ. நான் இங்கதான் இருப்பேன்."

நான் ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். கையில் போனோடு வாசலிலேயே நின்றேன். தோழி சொன்னது எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். கேட்டவள் கையை உதறிவிட்டுத் தோழியின் தோளில் ஓங்கி அடித்தாள். இன்னொரு அடி. தோழி நகரவில்லை, கையைத் தூக்கவில்லை. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே அவள் மடியில் விழுந்தது. அப்புறம் அவள் தோழியின் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். தோழி வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. சும்மா இருந்தாள்.

நான் செய்யவேண்டியதை ஒன்பது வயதுப் பிள்ளை செய்து முடித்திருந்தது.

மணி அடித்ததும் அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது, அழுகை நின்றிருந்தது.

"ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்மா."

"மொதல்லேருந்தா?"

"ஆமா."

"நான் சந்தோஷத்துல போட்டப்ப பாத்துக்கிட்டேதான இருந்தீங்க?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். தலைமையாசிரியர் பின்னாலேயே போய் மாமா வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

சாயங்காலம் அந்த மாமா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தோழியின் வீட்டில் சத்தம்போட்டுவிட்டு வந்திருந்தார். அங்கே அவளை அவள் அம்மா விளக்குமாற்றால் அடித்திருக்கிறார்.

"பிள்ளைங்ககிட்டச் சொல்லி வைக்கச் சொன்னதுக்குச் சரின்னீங்களே டீச்சர்" என்றார்.

"அந்தப் பிள்ளை மேல தப்பு இல்லங்க. அது செஞ்சதுதான் சரி. நாந்தான் சொல்லியிருக்கணும். இல்லாட்டி ஒங்கள உக்கார வச்சு, சொல்லுங்கன்னு சொல்லியிருக்கணும்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் என்ன வேணும்னா மறைச்சேன்? ராத்திரியெல்லாம் 'மாமா, அப்பா போன் பண்ணாரா'ன்னு கேக்குது. எனக்கு வாயி வரல டீச்சர்" என்று சொல்லிக் குழந்தை மாதிரி அழுதார். அவர் போன பிறகு நான் தோழியின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மாவிடம் இதையே சொன்னேன். "நீங்க சொல்றதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குச் சரி டீச்சர். நாங்க இங்கதான் இருக்கணும்" என்றார். தோழி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள், வெளியே வரவில்லை.

அப்பாவை இழந்தவளின் அம்மாவுக்குப் பிரசவமானது தை மாசம். ஆண் குழந்தை. அதன் பிறகு இந்தக் கடற்கரைப் பக்கமே இருக்க முடியாது என்று, கீரனூரில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்கே போய்விட முடிவு செய்தார். மாற்றுச் சான்றிதழ் வாங்க மாமாவோடு அவளும் வந்திருந்தாள். அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முட்டிபோட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன்.

"நான் ஒங்கிட்டப் பொய் சொன்னேன். அது தப்பு. எனக்குப் பயமா இருந்துச்சு, அதான் சொன்னேன். மன்னிச்சுக்கம்மா."

"சரி டீச்சர்" என்றாள்.

பாடத்தை எழுதிட்டு வா என்றாலும் 'சரி டீச்சர்', ஓடாதே என்றாலும் 'சரி டீச்சர்'. அதே குரல். பிறகு தோழியிடம் போய் அவள் கையில் எதையோ வைத்து மூடினாள். என்ன என்று நான் கேட்கவில்லை. மாமாவின் பைக் கிளம்பும்போது தோழியைப் பார்த்துக் கையாட்டினாள். தோழிக்கு ஓரடி பின்னால்தான் நான் நின்றிருந்தேன்.

இந்த ஆண்டு ஆவணி மாசம், திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கீரனூரில் இறங்கினேன். விசாரித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கிருந்த ஆசிரியை அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வளர்ந்திருந்தாள். முடியை ஒட்ட வாரி இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள்.

"எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேன் டீச்சர்."

"தம்பி?"

"நல்லா இருக்கான் டீச்சர்."

"அம்மா?"

"நல்லா இருக்காங்க டீச்சர். கம்பெனி வேலைக்குப் போறாங்க."

கேள்வி கேட்டே என்னை ஓயவைத்த பிள்ளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அந்த ஆசிரியை பெருமையாகச் சொன்னார்: "ரொம்ப அமைதியான பிள்ளைங்க. வாயே தெறக்காது. தொந்தரவே கெடையாது." நான் தலையாட்டினேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தனியாக உட்கார்ந்து பேசியிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? வாங்கிப்போன பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "போயிட்டு வாங்க டீச்சர்" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், தோழி என் மேசைக்கு வந்தாள். இப்போது ஐந்தாம் வகுப்பு. நான் கீரனூர் போனது தலைமையாசிரியர் சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அவ எப்படி இருக்கா டீச்சர்?"

நல்லா இருக்கா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கேன்னு சொன்னா. ஆனா எனக்கு அப்படித் தெரியலம்மா. பேசவே மாட்டேங்குறா. சிரிக்கவும் இல்ல."

அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில், கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். மற்ற பிள்ளைகள் வெளியே கத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கிறவரை நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.