பிறேக் இல்லாத மோட்டார் சைக்கிள்

என் மாமா இங்கிலாந்திலும் போலந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஸ்பீட்வே ஓட்டியவர். மண் தடத்தில் நான்கு பேர், நான்கு சுற்று, இடப்பக்கமாகவே வளைந்து ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயம் அது. அவர் புறப்படுவதற்கு முன் நான் செய்ததைப் பிக்கரிங்கில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் இந்த வயதில்தான் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ரொறன்ரோவில் தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. அம்மாவின் தம்பியான மாமா என் அறையில்தான் படுப்பார். ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறு பயிற்சி. கை முறிந்திருந்தபோதுகூட மாவுக்கட்டோடு போய், தடத்தை நடந்து சுற்றி வளைவுகளை மனப்பாடம் செய்தார். கடைசியில் இங்கிலாந்துக் குழு ஒன்று கூப்பிட்டது. போவதென்று அவர் முடிவெடுத்துவிட்டார். தன்னை வளர்த்த அக்கா சிரித்த முகத்தோடு அனுப்பவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

எனக்கோ அவர் போகக்கூடாது. அந்த மோட்டார் சைக்கிளுக்குப் பிறேக் கிடையாது என்று எனக்குத் தெரியும். காரணத்தையும் அவரே சொல்லியிருந்தார்: "முன்னுக்குப் போறவன் சடாரெண்டு பிறேக் பிடிச்சா, பின்னுக்கு வாறவன் அவன்ரை முதுகிலைதான் ஏறுவான். அதாலைதான் ஒருத்தருக்கும் இல்லை, மருமோன்."

நான் பிறேக் இல்லை என்பதை மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அகப்பையோடு வந்தார். "பிறேக் இல்லையாமே? உண்மையோ?"

"ஓம் அக்கா. ஆனா..."

"பள்ளிக்கூடம் போற சைக்கிளுக்கே ரெண்டு பிறேக்! உனக்கென்ன விசரே? சாகிறதுக்கு இங்கிலாந்துக்குப் போகோணுமே, இஞ்சை 401 பெருந்தெரு இருக்குத்தானே!"

"அக்கா, அது ஏனெண்டா..."

"சமாளிக்காதை. சின்னப்பெடியன் பொய் சொல்லுவானே?"

மாமா திரும்பி என்னைப் பார்த்தார்.

அடுத்த கிழமை அவர் போனார். அம்மா விமான நிலையத்துக்கு வரவில்லை. ஓட்டத்தை விட்டால்தான் தம்பியோடு கதைப்பேன் என்றார். மாமா பதினான்கு ஆண்டுகள் ஓட்டினார். அம்மா ஒன்பதாம் ஆண்டில் இறந்தார்.

மாமாவின் அந்தப் பார்வையைக் கோபமென்றே நினைத்து, அடி விழுமென்று பயந்தேன். அது கோபமில்லை. பிறேக் ஏன் இல்லை என்பதை அவர் சொன்னால் சமாளிப்பு. நான் சொன்னால் அம்மா நம்புவார். அதற்காகத்தான் அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். நானோ கையிலிருந்த பால் கோப்பையை முகத்திலிருந்து இறக்காமல், முடிந்துபோன பாலைக் குடித்துக்கொண்டே இருந்தேன்.