மீட்டர் காட்டாத உப்பு

அனுப்பர்பாளையத்தில் வண்ணமீன் கடை வைத்திருந்த கந்தவேலுக்கு ராக்கையா ஏழாயிரத்து அறுநூறு ரூபாய் தரவேண்டியிருந்தது. கையில் இல்லாமல் இல்லை. தரமாட்டேன் என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தார்.

முப்பது வருஷத்தில் வேறு எவனுக்கும் அவர் ஒரு ரூபாய் பாக்கி வைத்ததில்லை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து மூன்றாம் வகுப்போடு திருப்பூருக்கு வந்தவர். சாயப்பட்டறையில் துணி அலசும் கூலியாக நுழைந்து, சாயத் தொட்டி ஓட்டி, மாஸ்டராகி, நாற்பத்தைந்து வயதில் முதலிபாளையம் பக்கம் சொந்தப் பட்டறையே போட்டுவிட்டார். படித்த பையன்கள் கம்ப்யூட்டரில் ஷேடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈரத்துணியின் நுனியைப் பிழிந்து வெயிலில் பிடித்து, "இன்னும் அரை கிராம் மஞ்சள் போடு" என்பார். சரியாக இருக்கும். அதை அவரே நாலு பேரிடம் சொல்லவும் செய்வார். சொன்னால் என்ன, பொய்யா?

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஆவணியில் அவர் மனைவி ஒச்சம்மாளைப் பக்கவாதம் அடித்தது. வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து முன்னறையில் கட்டில் போட்டார்கள். சுவரையே பார்த்துக் கிடந்தாள். டி.வி. போட்டால் கண்ணை மூடிக்கொண்டாள். மகள் சித்ராதேவி கஞ்சி ஊட்டும்போது வாயை மட்டும் திறந்தாள்.

ராக்கையா அழவில்லை. வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. பட்டறைக்குப் போனார், வந்தார், கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்ற மறந்து அப்படியே தூங்கினார்.

ஒருநாள் பில்லுக்காக, பட்டறைக்குத் துணி அனுப்பும் பொன்னுச்சாமியின் எக்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போனபோது அங்கே கடல்மீன் தொட்டி ஒன்றைப் பார்த்தார். அதில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள். காத்திருந்த ஆட்கள் அத்தனை பேர் கண்ணும் அவற்றின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. தொட்டி வைத்துக் கொடுத்தவன் விலாசம் கேட்டுக்கொண்டு நேரே கந்தவேல் கடைக்கு வண்டியை விட்டார்.

"ரெண்டரை அடித் தொட்டி ஒண்ணு. நாளைக்கே மீன் வேணும்."

"நாளைக்கு ஆகாதுங்க மாஸ்டர்," என்றான் கந்தவேல். முப்பது வயது இருக்கும். "கல்லை அடுக்கி, உப்புத்தண்ணி ஊத்தி, ஒன்றரை மாசமாச்சும் ஓட விடோணுங்க. கழிவைத் தின்னுற கிருமி கல்லுல ஊறோணும். அதுக்கு முன்னால மீனை உட்டா, அது போடுற கழிவே அதுக்கு விஷமாயிருமுங்க."

"நம்ம கடல் பவளப்பாறை நாலு துண்டு போட்டா சீக்கிரம் ஊறாதா?"

"அதை எடுக்கறதே சட்டப்படி குத்தமுங்க. எங்கடையில இல்லீங்க. சிமெண்டும் சிப்பித்தூளும் கலந்து வார்த்த கல்லுதானுங்க."

ராக்கையாவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தொழில் தெரிந்தவன் பேச்சு.

முன்னறையில் கட்டிலுக்கு எதிரே வைத்த தொட்டியில் ஒன்றரை மாதம் வெறும் கல்லும் தண்ணீரும் ஓடியது. பிறகு நாலு நத்தை, ரெண்டு சங்கு நண்டு, பாசி தின்ன. அடுத்து காளான் போல விரியும் பவளம் ஒரு கொத்து. வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்து உரிய காகிதத்தோடு வந்தது. அதற்கப்புறம்தான் மீன். ராக்கையா நீலமாக, தட்டு அகலத்துக்கு இருந்த ஒன்றைக் காட்டினார்.

"அது ஆறடித் தொட்டிக்குண்டானதுங்க. உங்க தொட்டியில சுவத்துல முட்டி முட்டியே செத்துப்போயிரும். இந்தப் பட்டை மீனு ஜோடி போதுங்க, ஒரு இறாலும். மொதல்ல அது தின்னுறதைப் பாருங்க. கடையில தின்னாத மீனு ஊட்டுல தின்னாது. மூச்சு இரைக்குதா, கண்ணு தெளிவா இருக்குதா, பாத்துட்டு எடுத்துக்குங்க."

மூன்று நாள் தொடர்ந்து போய் நின்று, அவை தின்பதைப் பார்த்தபிறகே எடுத்தார். ஒச்சம்மாளுக்குக் குளுக்கோஸ் ஏற்றிய குழாயைக் கழுவி வைத்திருந்தார்கள். அதை வைத்தே மீன் இருந்த பைக்குள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டான் கந்தவேல். பாதிப் பணம் கொடுத்தாயிற்று, மீதி மாதக் கடைசியில் என்று பேச்சு.

மீன் தொட்டியில் இறங்கியது. ஒச்சம்மாள் கண் சுவரை விட்டு வந்தது. மீன் இடப்புறம் போனால் கண்ணும் இடப்புறம். நாலாம் நாள், மீன் கண்ணாடிக்கு வந்தபோது இடதுகை ஆள்காட்டி விரல் மேலே எழும்பியது.

"அப்பா, வெரலைப் பாருங்கப்பா!" என்று சித்ராதேவி கத்தினாள்.

"பாத்தேன்," என்றார் ராக்கையா. அவ்வளவுதான் வந்தது வாயில்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை பதினைந்து லிட்டர் தண்ணீர் மாற்றவேண்டும். அதற்குக் கடல் உப்பு டப்பாவில் தனியாக வரும். அது தீர்ந்துபோனது. சென்னையிலிருந்து வரப் பத்து நாளாகும், அதுவரை தண்ணீரை மாற்றாமல் விடுங்கள் என்று போனில் சொன்னான் கந்தவேல்.

ராக்கையா சிரித்தார். உப்புக்கு அவர் சென்னையைப் பார்த்து நிற்பதா? பட்டறையில் மூட்டை மூட்டையாகச் சுத்தமான சாய உப்பு கிடக்கிறது. சாயத் தொட்டித் தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்ணாடி மீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பதே அவர் பிழைப்பு. கந்தவேல் தந்த மீட்டரும் அதே ஜாதி. உப்பைக் கரைத்தார், மீட்டரை விட்டார், கந்தவேல் குறித்துத் தந்த கோட்டில் மயிரிழை பிசகாமல் நின்றது. தண்ணீர் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறதென்று பாதித் தொட்டியை ஒரேயடியாக மாற்றிவிட்டார்.

மறுநாள் நத்தைகள் கண்ணாடியை விட்டு விழுந்தன. இறால் வெளுத்துக் கிடந்தது. காளான் பவளம் சுருங்கிக் கரைந்தது. செத்தது அழுகித் தண்ணீர் நாறியது. நாலாம் நாள் மீன் இரண்டும் மேலே மிதந்தன. ராக்கையா டீ வடிகட்டியால் அவற்றை அள்ளினார். ஒச்சம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண் பழையபடி சுவருக்குப் போயிற்று. அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. வடிகட்டியைக் கழுவி வைத்தார்.

நத்தை முதலில் விழுந்ததென்று போனில் சொன்னதும், "எந்த உப்புப் போட்டீங்க மாஸ்டர்?" என்று கேட்டான் கந்தவேல்.

"உப்பைப் பத்தி எனக்கே பாடமாடா? நான் தின்ன சோத்தைவிடக் கரைச்ச உப்பு சாஸ்தி. நீ சீக்கு மீனைக் குடுத்துட்டு உப்பு மேல பழி போடுற. பாக்கிப் பணம் கெடையாது, போ."

அதோடு விடவில்லை. பொன்னுச்சாமி ஆபீசில் உட்கார்ந்து, அந்தப் பயல் செத்த மீனை விற்கிறான் என்றார். வீட்டுக்குப் பெரிய தொட்டி சொல்லியிருந்த பொன்னுச்சாமி ஆர்டரை ரத்து செய்துவிட்டார். கந்தவேல் சண்டைக்கு வரவில்லை. பணம் கேட்டும் வரவில்லை.

தை மாதம் பட்டறையில் நீலப்பச்சை ஷேடு ஒன்று ஓடியது. அந்தச் சாயத்துக்குச் சாதா உப்பு ஆகாது. வேறு உப்பு இருக்கிறது, அதைத்தான் போடவேண்டும். ஆபரேட்டர் சீனிச்சாமி அது தீர்ந்துவிட்டதென்று சாதா உப்பைப் போட்டு ஓட்டிவிட்டான். இருநூறு கிலோ துணி திட்டுத்திட்டாக, மங்கி வெளியே வந்தது.

"ஏண்டா, எந்த உப்பைப் போட்ட?"

"மீட்டர்ல பாத்துத்தேன் போட்டேன் மாஸ்டர். டிகிரி சரியாத்தேன் இருந்துச்சு."

"கூறுகெட்டவனே! மீட்டர் ஒண்ணு காட்டுனா உப்பு ஒண்ணாயிருமா? மீட்டர் கனத்தைத்தேன்டா காட்டும். உள்ள என்ன இருக்குன்னு அதுக்கு என்ன தெரி..."

சீனிச்சாமி அடுத்த வசவுக்காகத் தலையைக் குனிந்தபடியே காத்திருந்தான். வரவில்லை. ராக்கையா ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தண்ணீர் வேட்டியில் சொட்டியது. துணியைக் கீழே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

கந்தவேல் கடையில் பாதித் தொட்டிகள் காலியாக இருந்தன. அவன் எழுந்து நின்றான்.

"வாங்க மாஸ்டர்."

"நான் போட்டது சாய உப்பு."

"தெரியுமுங்க," என்றான் கந்தவேல். "கடல் உப்புல சுண்ணாம்பு இருக்குது, இன்னும் எத்தனையோ இருக்குது. சாய உப்புல அதெல்லாம் கெடையாதுங்க. நத்தை மொதல்ல விழுந்துச்சுன்னு சொன்னப்பவே தெரியுமுங்க."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"நீங்க எங்கீங்க சொல்ல உட்டீங்க?"

ராக்கையா மடியிலிருந்து பணத்தை எடுத்தார். கந்தவேல் கையை நீட்டவில்லை.

"பணம் இருக்கட்டுங்க. அந்த ஆபீசுல சொன்னீங்கள்ல, அதை மொதல்ல எடுத்துப்போடுங்க. அந்தப் பேச்சுக்கப்பறம் இந்தப் படிக்கட்டுல ஏறுன கம்பெனிக்காரரு நீங்க ஒருத்தருதானுங்க."

முப்பது வருஷத்தில் தப்பு என்னுது என்று ராக்கையா யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே பட்டறை போட்டவர். செல்போனை எடுத்துப் பொன்னுச்சாமியைக் கூப்பிட்டார்.

"நான்தேன், ராக்கையா. அந்த மீன் விசயம். பையன் மேல தப்பில்ல. மீனு நல்ல மீனு. நான்தேன் சாய உப்பைப் போட்டுக் கொன்னுட்டேன்." அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஆமா, நானேதேன். சிரிங்க. சிரிச்சு முடிச்சிட்டு அந்த ஆர்டரை அவனுக்கே குடுங்க."

வைத்தார். வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். அதுவும் வரவில்லை. பக்கத்துப் பாத்திரப் பட்டறையில் பித்தளை தட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டான் கந்தவேல்.

"சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கா."

"உப்பு டப்பா வந்து கெடக்குதுங்க. தொட்டியைக் கழுவி மறுபடி மொதல்ல இருந்து ஓட்டோணும். ஒன்றரை மாசமாகுமுங்க."

"ஆகட்டும்," என்றார் ராக்கையா. "கையை நீட்டு."

கந்தவேல் உள்ளங்கையை விரித்தான். மீன் தொட்டியில் ஊறிச் சுருங்கிப்போன கை. ராக்கையா விரலை நாக்கில் தொட்டு, ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி அதில் வைத்தார். பதினைந்து தாள். அதன் மேல் ஒரு நூறு.